யூட்டா பாலைவனத்தில் டோபாஸ் தேடுவது எப்படி: முதல்முறை கல் பொறுக்கக் கிளம்புபவர்களுக்கு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேலைக்காகக் குடியேறியிருக்கும் நம்மவர்கள், மூன்று நாள் விடுமுறை வந்தால் தேசியப் பூங்காக்களுக்குத்தான் வண்டியை விடுகிறார்கள். எல்லாம் பார்க்கவேண்டிய இடங்கள்தான். ஆனால் அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வர முடியாது, சட்டப்படி குற்றம். அதே நெடுஞ்சாலையில் இன்னும் சில மணி நேரம் போனால், யார் வேண்டுமானாலும் சுத்தியலும் உளியுமாக இறங்கி, பாறையை உடைத்து, கிடைத்த படிகத்தை வீட்டுக்கு எடுத்து வரச் சட்டமே இடம் கொடுக்கும் பொது நிலம் கிடக்கிறது. இது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது.

யூட்டா மாநிலத்தின் ஜுவாப் கவுண்டியில், தாமஸ் மலைத்தொடரின் தெற்கு முனையில் இருக்கும் டோபாஸ் மலையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பத்து இடங்களின் பட்டியலைவிட ஒரே இடத்தை முழுதாகத் தெரிந்துகொள்வது புதியவர்களுக்கு அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம். அதோடு, முதல் நாளே கையில் ஏதாவது கிடைக்க நல்ல வாய்ப்புள்ள இடம் இது. 1969இல் டோபாஸை யூட்டா தன் மாநில ரத்தினமாக அறிவித்தது.

யாருடைய நிலம்?

சுத்தியல் வாங்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது. வேலி இல்லை, பலகை இல்லை என்பதால் பொது நிலம் என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கு மாநிலங்களில் நிலம் சதுரங்கக் கட்டம்போலப் பிரிந்து கிடக்கிறது. ஒரு சதுர மைல் மத்திய அரசுடையது, பக்கத்துச் சதுர மைல் மாநில அரசுடையது, அதற்கடுத்தது ஒரு தனியாருடையது. கண்ணுக்கு எல்லாம் ஒரே புதர்க்காடாகத்தான் தெரியும்.

நமக்கு வேண்டியது நில மேலாண்மைப் பணியகத்தின் நிலம். எல்லோரும் பி.எல்.எம். என்றுதான் சொல்வார்கள். நாடு முழுக்க ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் அவர்கள் கையில் இருக்கிறது. யூட்டாவில் மட்டும் மாநிலப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். இந்த நிலத்தில் சொந்த சேகரிப்புக்காக, நியாயமான அளவில், கைக்கருவிகளைக் கொண்டு பாறையும் கனிமமும் எடுக்கலாம். விற்பதற்காக எடுக்கக் கூடாது. வெடி வைக்கக் கூடாது, மண் தோண்டும் இயந்திரம் கொண்டுவரக் கூடாது. "நியாயமான அளவு" என்றால் எவ்வளவு என்பதை அந்தந்த வட்டார அலுவலகம்தான் சொல்லும். டோபாஸ் மலைப் பக்கத்துக்கு ஃபில்மோர் ஊரில் உள்ள அலுவலகம் பொறுப்பு. கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு போட்டுக் கேட்டுவிடுங்கள். சாலை எப்படி இருக்கிறது, தீ மூட்டத் தடை உண்டா என்பதையும் அதே அழைப்பில் தெரிந்துகொள்ளலாம்.

மாநில அறக்கட்டளை நிலத்தில் கல் எடுக்கத் தனியாக அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். தனியார் நிலத்துக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். பழங்குடி மக்களின் நிலத்துக்குள் போகவே போகாதீர்கள்.

இதில் புதியவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு: சுரங்க உரிமை. 1872ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் இருப்பதால், பி.எல்.எம். நிலத்திலேயே ஒருவர் ஒரு துண்டு இடத்தைக் குறித்து, அங்குள்ள கனிமத்துக்கு உரிமை பதிவு செய்துகொள்ளலாம். அங்கே நீங்கள் நடக்கலாம், படம் எடுக்கலாம். கல்லை எடுத்தால் அது அவருடைய பொருள். நான்கு மூலையிலும் மரக்கம்போ குழாயோ நட்டிருப்பார்கள், சில இடங்களில் வெறும் கற்குவியல்தான். டோபாஸ் மலையிலும் அப்படிப் பதிவான துண்டுகள் உண்டு. பி.எல்.எம். வலைத்தளத்தில் உள்ள கனிம, நிலப் பதிவேட்டில் இதைத் தேடிப் பார்க்கலாம். நிலத்தின் உரிமையை வண்ணத்தில் காட்டும் கைபேசிச் செயலிகளும் இருக்கின்றன. எதுவானாலும் வீட்டிலேயே பதிவிறக்கி வையுங்கள், அங்கே சிக்னல் கிடைக்காது.

வேறு பொருள்கள் கண்ணில் பட்டால் அவற்றுக்குத் தனி விதி. கல்மரம் (கல்லாக மாறிய பழங்கால மரம்) ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 பவுண்டும் கூடுதலாக ஒரு துண்டும், ஆண்டுக்கு மொத்தம் 250 பவுண்டு வரை. டெல்டா ஊருக்கு மேற்கே கிடைக்கும் டிரைலோபைட் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களின் புதைபடிவங்களை நியாயமான அளவில் எடுக்கலாம். எலும்புப் புதைபடிவம், அம்புமுனை, பானை ஓடு ஆகியவற்றைத் தொடவே கூடாது. அப்படியே விட்டுவிட்டு, இடத்தைக் குறித்து அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கல் எங்கே இருக்கும்?

ஏறக்குறைய 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே எரிமலைக் குழம்பு பொங்கி வழிந்து ரியோலைட் என்ற பாறையாக இறுகியது. சிலிக்கா மிகுந்த, சட்டென்று ஓடாத கெட்டிக் குழம்பு அது. அதில் ஃபுளோரினும் நிறைய இருந்தது. இறுகும்போது உள்ளே சிக்கிய வாயு, பாறைக்குள் குழிகளையும் பொந்துகளையும் உண்டாக்கியது. அந்த வாயுவிலிருந்தே பொந்துச் சுவர்களில் படிகங்கள் வளர்ந்தன. அலுமினியமும் சிலிக்காவும் ஃபுளோரினும் சேர்ந்த படிகம்தான் டோபாஸ்.

தேடும் வழி இதிலேயே இருக்கிறது. பொந்தில்லாத கெட்டிப் பாறையை எவ்வளவு உடைத்தாலும் ஒன்றும் வராது. வெளிர் சாம்பல் நிறத்தில், ஓட்டை ஓட்டையாக, அடுக்கடுக்காகப் பிளந்த பாறையைத் தேடுங்கள். அதன் குழிக்குள் கண்ணாடிபோல ஏதாவது ஒட்டியிருந்தால் அங்கே உட்கார்ந்துவிடலாம்.

இன்னொரு விஷயம் நிறம். பாறைக்குள் இருக்கும் டோபாஸ் தேன் நிறத்தில் இருக்கும். வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் அந்த நிறம் வெளுத்துப் போகும். அதனால்தான் மலை அடிவாரத்து மணலில் கிடக்கும் படிகங்கள் தண்ணீர்போல நிறமற்று இருக்கின்றன. தேன் நிறம் வேண்டுமானால் பாறையை உடைக்கவேண்டும். நிறமில்லாதது போதும் என்றால் குனிந்து பொறுக்கினாலே போதும். முதல் பயணத்துக்கு நான் பொறுக்குவதைத்தான் சொல்வேன்.

டோபாஸோடு வேறு கனிமங்களும் அதே பொந்துகளில் இருக்கும். கறுத்து மினுங்கும் சின்னஞ்சிறு கனசதுரங்கள் தென்பட்டால் அது பிக்ஸ்பைட்டாக இருக்கலாம். அந்தக் கனிமம் உலகுக்கு முதலில் தெரியவந்ததே இந்த மலைத்தொடரிலிருந்துதான். மேனார்ட் பிக்ஸ்பி என்ற சேகரிப்பாளரின் பெயரை 1897இல் அதற்கு வைத்தார்கள். செந்நிறக் கார்னெட்டும் ஹெமடைட்டும் உண்டு. சிவப்பு பெரில் மிக மிக அரிது, அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

என்னென்ன எடுத்துப்போவது

மூன்று அல்லது நான்கு பவுண்டு எடையுள்ள குட்டைக் கைப்பிடிச் சம்மட்டி ஒன்று, கைக்காப்பு வைத்த கல் உளி இரண்டு. ஆணி அடிக்கும் தச்சுச் சுத்தியல் வேண்டாம். அதன் முகம் உளியில் மோதினால் இரும்புச் சில்லு தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஓர் அடிகூட அடிக்காதீர்கள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் கண்ணாடி வேண்டும். ரியோலைட் உடைந்த விளிம்பு கத்தியாகக் கிழிக்கும், அதனால் தோல் கையுறை. உடைக்கும்போது எழும் தூளில் சிலிக்கா இருப்பதால் மாஸ்க்.

கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடை, சின்ன மண்வாரி, ஒரு பக்கெட். பழைய செய்தித்தாள், டாய்லெட் பேப்பர் சுருள், முட்டை அட்டை, சின்ன ஜிப் பைகள், அழியாத பேனா. பத்து மடங்கு பெருக்கும் கை லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்; விலை அதிகமில்லை, கண்டிப்பாகத் தேவைப்படும்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதற்கு மேல் வண்டியில் கொஞ்சம். அங்கே குழாயும் கிடையாது, கடையும் கிடையாது. முழுக்கைச் சட்டை, தொப்பி, கணுக்கால் மூடும் பூட்ஸ். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர், அக்டோபர்தான் நல்ல மாதங்கள். கோடையில் நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடைப்பதே கஷ்டம்.

போகும் வழி

சால்ட் லேக் சிட்டியிலிருந்து போனால் கடைசிப் பெரிய ஊர் டெல்டா. அங்கே டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். டெல்டாவிலிருந்து 6ஆம் எண் நெடுஞ்சாலையில் வடகிழக்கே சுமார் 11 மைல் போய், இடப்பக்கம் பிரியும் பிரஷ் வெல்மேன் சாலையில் மேற்கே சுமார் 36 மைல். பெரிலியம் சுரங்கத்துக்காகப் போட்ட சாலை என்பதால் நன்றாக இருக்கும். மலைக்குத் திரும்பும் மண் பாதை மட்டும் மழை பெய்திருந்தால் சேறாகிவிடும். சந்தேகமாக இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள்.

டெல்டாவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி டோபாஸ் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பெயரைப் பார்த்து ரத்தினக் கண்காட்சி என்று நினைக்கவேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை வீடு வாசலை விட்டு அப்புறப்படுத்தி அடைத்துவைத்த முகாம் இந்த ஊருக்கு அருகில் இருந்தது. தூரத்தில் தெரிந்த இதே மலையின் பெயரைத்தான் அந்த முகாமுக்கு வைத்தார்கள். அடைபட்டவர்கள் பாலை மண்ணிலிருந்து பொறுக்கிய சிறு கிளிஞ்சல்களைக் கோத்து நகைகளும் அலங்காரப் பொருள்களும் செய்தார்கள். முகாம் இருந்த இடம் இன்று பாதுகாக்கப்பட்ட நினைவிடம். ஆணி, கண்ணாடித் துண்டு என்று எது கிடந்தாலும் அங்கே எடுக்கக் கூடாது. குடியேறி வந்து வாழும் நாம் அவசியம் நின்று பார்க்கவேண்டிய இடம் அது.

தேடத் தொடங்குங்கள்

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் வறண்ட ஓடைக்குள் இறங்குங்கள். சூரியனைப் பார்த்தபடி மெதுவாக நடந்தால் தரையில் கிடக்கும் படிகம் பளிச்சென்று மின்னும். உச்சி வெயிலில் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். மறுபடி மாலை நாலு மணிக்கு மேல்தான் கண் நன்றாக வேலை செய்யும். மின்னிய இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேராக நடங்கள். தலையைத் திருப்பினால் இடம் தொலைந்துவிடும்.

மின்னுவதில் உடைந்த பாட்டில் சில்லும் இருக்கும், குவார்ட்ஸ் என்ற சாதாரணப் படிகமும் இருக்கும். லென்ஸில் பாருங்கள். டோபாஸ் படிகத்தைக் குறுக்கே பார்த்தால் சாய்சதுர வடிவம். பக்கங்களில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள். குவார்ட்ஸுக்கு ஆறு பக்கம், கோடுகள் குறுக்கே ஓடும். டோபாஸின் அடி பெரும்பாலும் மழமழவென்று தட்டையாக உடைந்திருக்கும். அந்தத் திசையில் அது மிகச் சுலபமாகப் பிளக்கும் கனிமம்.

வெயில் ஏறியதும் ஓடை வளைவுகளில் உட்கார்ந்து சலிக்கலாம். வெள்ளம் வந்து ஓய்ந்த இடத்தில், பெரிய கற்களுக்குப் பின்புறம் தேங்கிய ஜல்லியை அள்ளிச் சல்லடையில் போட்டு ஆட்டுங்கள். டோபாஸ் குவார்ட்ஸைவிடக் கனமானது என்பதால் இப்படிப்பட்ட இடங்களில் தங்கும். குழந்தைகளுக்கு ஏற்ற வேலை இதுதான். செங்குத்தான பாறைக்குக் கீழே அவர்களை விடாதீர்கள், மேலே வேறொருவர் உடைத்துக்கொண்டிருக்கலாம்.

பிறர் உடைத்துவிட்டுப் போன கல் குவியல்களையும் கிளறிப் பாருங்கள். அவர்கள் பெரியதைத் தேடியிருப்பார்கள், சின்னது குவியலில் கிடக்கும்.

உடைக்கும்போது

பொந்துள்ள பாறை கிடைத்தால் உடனே ஓங்கி அடிக்கத் தோன்றும். வேண்டாம். அடியின் அதிர்ச்சியிலேயே டோபாஸ் குறுக்கே பிளந்துவிடும். பாறையில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்பைத் தேடி, படிகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி உளியை வைத்துச் சின்னச் சின்ன அடியாகக் கொடுங்கள். வெடிப்பு விரியும், பாளமாகக் கழன்று வரும். படிகத்தைப் பொந்திலிருந்து நெம்பி எடுக்க முயலாதீர்கள். பாறையோடு ஒட்டிய படிகத்துக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு. தனியாக வந்த படிகத்தை மறுபடி ஒட்டவைக்க முடியாது. கொஞ்சம் பெரிய துண்டாகவே வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே நிதானமாகப் படிகத்தைச் சுற்றியுள்ள பாறையைக் குறையுங்கள்.

கலங்கலாக, சாம்பலும் பழுப்புமாக, உள்ளே மணல் சிக்கிய டோபாஸும் இங்கே உண்டு. அழகில்லை என்று எறிந்துவிடாதீர்கள். நல்ல வடிவத்தோடு பெரிதாக வளர்ந்தவை பெரும்பாலும் அவைதான்.

பொந்துக்குள் கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டுங்கள். உள்ளே பாம்பு இருக்கலாம்; சாரைப் பாம்பில்லை, விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு. கண்டால் பின்வாங்கினால் போதும், அது துரத்தாது. பழைய சுரங்க வாய் எது தெரிந்தாலும் உள்ளே காலெடுத்து வைக்காதீர்கள். கெட்ட காற்றும் மக்கிய தாங்குமரமும் ஆளைக் கொல்லும். தூரத்தில் இடி கேட்டால் ஓடையை விட்டு மேடேறுங்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் வெள்ளம் வரும்.

போவதற்கு முன் தோண்டிய குழியை மூடுங்கள். மேய்ச்சலுக்கு வரும் மாட்டுக்கும் இரவில் வரும் வண்டிக்கும் அது ஆபத்து. தவிர, குழியும் குப்பையுமாக விட்டுப்போன இடங்களைத்தான் அதிகாரிகள் மூடுகிறார்கள்.

சீட்டு எழுதாத கல் வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கல் கிடைத்த இடத்திலேயே, அடுத்ததைத் தேடுவதற்கு முன், சீட்டு எழுதுங்கள். என்ன கனிமம் (தெரியாவிட்டால் கேள்விக்குறி), ஜி.பி.எஸ். எண்கள், மலை, கவுண்டி, மாநிலம், தேதி, உங்கள் பெயர். ஓடை மணலில் கிடந்ததா, பாறைப் பொந்தில் இருந்ததா என்பதையும் சேருங்கள். கல்லைத் தாளில் சுற்றி, சீட்டோடு ஒரே பையில் போடுங்கள்.

சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால் எது எங்கே கிடைத்தது என்பது கலந்துவிடும். இடம் தெரியாத டோபாஸ் வெறும் அழகான கல். இடம் தெரிந்தால் அது ஆய்வுக்கு உதவும் மாதிரிப் பொருள். ஐம்பது வருஷம் கழித்து ஒரு மாணவர் எடுத்துப் பார்த்தாலும் அதிலிருந்து ஏதாவது படிக்க முடியும். அருங்காட்சியகங்கள் சீட்டில்லாத கல்லை ஏற்கத் தயங்குவது இதனால்தான்.

வீட்டில்

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, பழைய பல் துலக்கி. பெரும்பாலும் இவ்வளவே போதும். கொதிக்கும் நீரில் போடாதீர்கள். திடீர்ச் சூட்டில் டோபாஸ் பிளக்கும். அதிரவைத்துச் சுத்தம் செய்யும் நகைக்கடை இயந்திரமும் கூடாது. பாறையைக் கரைத்துப் படிகத்தை எடுக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தோலில் பட்டால் எலும்புவரை அரிக்கும், உயிரையே வாங்கும் அமிலம் அது.

டோபாஸா குவார்ட்ஸா என்று இன்னும் சந்தேகமா? தனியாக வந்த ஒரு படிகத்தை அடர்த்தி பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். முதலில் கல்லின் எடையைக் குறியுங்கள். பிறகு தராசின்மேல் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் அடியும் ஓரமும் தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது தெரியும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். 3.5 பக்கம் வந்தால் டோபாஸ், 2.65 பக்கம் வந்தால் குவார்ட்ஸ். ஏழு கிராம் டோபாஸ் என்றால் தண்ணீரில் இரண்டு கிராம் காட்டும். கீறிப் பார்க்கும் சோதனையும் உண்டு, டோபாஸின் கடினம் 8, குவார்ட்ஸின் கடினம் 7. ஆனால் நல்ல படிகத்தின் முனையைக் கீறிக் கெடுக்க எனக்கு மனம் வராது. கெட்டுப்போன சில்லில் செய்து பாருங்கள்.

தேன் நிறப் படிகங்களை ஜன்னலோரம் வைக்காதீர்கள். இழுப்பறைக்குள், பஞ்சு விரித்த சின்னப் பெட்டியில், சீட்டோடு இருக்கட்டும். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எண் கொடுத்து, அதே எண்ணை ஒரு நோட்டிலும் எழுதுங்கள்.

இந்த மலை பழகியபின் அடுத்தடுத்துப் போக இடங்கள் உண்டு. நெவாடாவில் ஈலி ஊருக்கு அருகே கார்னெட் ஹில். அதுவும் ரியோலைட்தான், அங்கே கருஞ்சிவப்புக் கார்னெட். ஆரிகனில் பிளஷ் என்ற சிற்றூருக்கு வடக்கே சூரியகாந்தக் கல் (சன்ஸ்டோன்) பொறுக்கவென்றே பி.எல்.எம். ஒதுக்கிய பொதுத்திடல். ஐடஹோவில் எமரால்ட் கிரீக், நட்சத்திரக் கார்னெட்டுக்குப் பேர்போனது. அது வனத்துறையின் இடம், கோடையில் மட்டும் திறப்பார்கள், கட்டணமும் உண்டு. ஆகவே அதற்குப் போவதானால் முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.